முள்ளோடைக்கு இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கம் 34: சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி தளம் எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்பிப் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம். பேச்சும் சந்தையும் உறவும் ஒன்றுதான். லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரருக்குப் பாகூர் வாடிக்கையாளர் பக்கத்து ஊர்க்காரர். ஜிஎஸ்டி சட்டத்துக்கு அவர் வேறு மாநிலம். கடலூர்க் கடையின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், பாகூர்க் கடையின் எண் 34 என்று தொடங்கும். இந்த இரண்டு இலக்கங்களைப் பார்க்காமல் போட்ட பில்தான் இந்தப் பகுதிச் சிறு கடைகளின் வரிச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கம்.

அரசின் ஜிஎஸ்டி தளத்தையும், அதோடு சேர்ந்த இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) தளத்தையும் ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் ஒரு கடையின் கண்ணோடு மதிப்பிடுவதுதான் இங்கே நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்றரை. கணக்குப் போடுவதில் தளம் நம்பகமானது, பதிவு முதல் தாக்கல் வரை அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. ஆனால் படிவப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எல்லையோரக் கடை தவறக்கூடிய இடங்களில் பலவற்றில் தளம் எச்சரிப்பதும் இல்லை.

பின்கோடை நம்ப வேண்டாம்

கடலூரின் பின்கோடு 607 என்று தொடங்கும், புதுச்சேரி நகரத்தினுடையது 605. இதை வைத்தே மாநிலத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் பில் போடும் பையன்கள் எல்லோரிடமும் உண்டு. இந்த வட்டாரத்தில் அது செல்லாது. கிருமாம்பாக்கம் அருகே பிள்ளையார்குப்பத்தின் பின்கோடு 607402. பார்த்தால் கடலூர் மாதிரி இருக்கும், இடம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். வடக்கே கோட்டக்குப்பத்துக்கு 605104. புதுச்சேரி மாதிரி இருக்கும், இடம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். ஆரோவில்லின் 605101-ம் அப்படித்தான்.

வாங்குபவர் பதிவு பெற்றவராக இருந்தால் அவருடைய ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே சாட்சி. தளத்தின் முகப்பில் உள்ள 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கடையின் பெயர், எந்த மாநிலம், பதிவு உயிரோடு இருக்கிறதா, வழக்கமான வரியா காம்போசிஷனா (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் எளிய திட்டம்), கடைசியாக எந்த மாதத்துக்குத் தாக்கல் செய்திருக்கிறார் என்று எல்லாம் வரும். தளத்திலேயே மிக உபயோகமான பகுதி இதுதான் என்பேன். கொள்முதலுக்கு முன்பு ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால், பதிவு ரத்தானவரிடம் வரி கொடுத்து வாங்கி இன்புட் கிரெடிட்டை (கொள்முதலில் கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையை) இழக்கும் ஆபத்து பெருமளவு குறையும். புதிய சப்ளையர் யாராக இருந்தாலும் முதல் பில்லுக்கு முன் இதைச் செய்வது கட்டாயப் பழக்கமாக வேண்டும்.

பதிவு யாருக்குத் தேவை

சரக்கு மட்டும் விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். 40 லட்ச வரம்பை ஏற்காத மாநிலங்களின் பட்டியலில் புதுச்சேரியும் இருக்கிறது. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் 30 லட்சம் விற்கும் மளிகைக் கடைக்குப் பதிவு வேண்டாம், அந்தப் பக்கம் அதே அளவு விற்கும் கடைக்கு வேண்டும். சேவைத் தொழிலுக்கு இரண்டு பக்கமும் 20 லட்சம்தான். கடலூர்க்காரர் புதுச்சேரியிலும் ஒரு கடை திறந்து அங்கே விற்றால், 40 லட்சச் சலுகை அவருக்கு மொத்தமாகப் போய்விடும்.

இதைவிட முக்கியம் இன்னொன்று. வரி விதிக்கப்படும் சரக்கை மாநிலம் தாண்டி விற்பவருக்கு இந்த வரம்பே கிடையாது. சட்டத்தின் 24-வது பிரிவு முதல் ரூபாயிலிருந்தே பதிவைக் கட்டாயமாக்குகிறது. திருப்பாதிரிப்புலியூரில் வீட்டில் முறுக்கு சுட்டு, பாக்கெட் போட்டு, ஆண்டுக்கு ஆறு லட்சம் விற்பவர் கடலூருக்குள்ளேயே கொடுத்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வாரம் இரண்டு பெட்டி பாகூர்க் கடைக்கு அனுப்ப ஆரம்பித்த நாளிலிருந்து பதிவு வேண்டும். ஆறு லட்சம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாகப் பதிவில்லாமல் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி உண்டு, அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

வரியே இல்லாத சரக்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பச்சை மீனும் காய்கறியும் மட்டும் விற்பவர் எந்த எல்லைக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம். கருவாட்டில் கவனம் வேண்டும். கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் எடை போட்டுத் தாளில் சுற்றிக் கொடுக்கும் கருவாட்டுக்கு வரி இல்லை. அதையே முன்கூட்டி எடை கட்டி, லேபிள் ஒட்டி, பாக்கெட்டாக விற்றால் 5 சதவீதம். லேபிள் ஒட்டிய அந்த நிமிடத்தில் எல்லை தாண்டிய விற்பனைக்குப் பதிவும் தேவைப்படுகிறது. பொட்டலமிட்ட பொருட்களுக்கான எடையளவு விதிகளும் அதோடு சேரும்: தயாரிப்பாளர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ ஆன விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு. இதெல்லாம் லேபிளில் இல்லாமல் 'பேக்' செய்ய வேண்டாம்.

பதிவு விண்ணப்பம்

விண்ணப்பத்தின் முதல் பகுதியை முடித்தால் தற்காலிக எண் வரும், அது 15 நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் இரண்டாம் பகுதியை முடிக்காவிட்டால் முதலிலிருந்து வர வேண்டும். உரிமையாளரின் புகைப்படம் 100 கேபிக்குள் இருக்க வேண்டும், செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் தளம் வாங்காது.

விண்ணப்பம் நிற்கும் இடம் பெரும்பாலும் முகவரி ஆதாரம். சொந்தக் கட்டடம் என்றால் சொத்து வரி ரசீது, மின் கட்டண பில் போன்றவற்றில் ஒன்று போதும். வாடகைக் கடை என்றால் வாடகை ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் அப்படியொரு ஆவணமும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததாக இருந்தால் உரிமையாளரின் அடையாளச் சான்று நகலும் சேர வேண்டும். கூடுதல் ஆவணங்களைக் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரலில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் கொடுத்திருக்கிறது. கடலூர்ப் பழைய கட்டடங்களில் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், ஒப்பந்தத்தில் பேரன் கையெழுத்துப் போட்டிருப்பார். இந்த இரண்டு பெயரும் பொருந்தாததால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ஏழு வேலை நாளுக்குள் பதில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். சொத்து வரி ரசீதைப் பேரன் பெயருக்கு மாற்றிவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

2025 நவம்பர் 1 முதல் 14ஏ விதியின் கீழ் ஓர் எளிய வழியும் இருக்கிறது. பதிவு பெற்ற வாடிக்கையாளர்களுக்கு விற்பதில் மாத வரி இரண்டரை லட்சத்துக்குள் அடங்கும் என்று அறிவித்து, ஆதார் சரிபார்ப்பையும் முடித்தால் மூன்று வேலை நாளில் பதிவு. சிறு கடைகளில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். தளத்தில் வந்த நல்ல மாற்றங்களில் இது ஒன்று.

பதிவு கிடைத்ததும் செய்ய வேண்டியவை மூன்று. சான்றிதழைக் கடையில் மாட்ட வேண்டும். பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண் எழுத வேண்டும். 30 நாளுக்குள் வங்கிக் கணக்கைத் தளத்தில் சேர்க்க வேண்டும். மூன்றாவது மறந்தால் பதிவே முடக்கப்படலாம்.

காம்போசிஷன்: எல்லையோரக் கடை யோசித்துச் சேர வேண்டிய திட்டம்

ஒன்றரைக் கோடி வரை விற்கும் கடைகளுக்குக் காம்போசிஷன் எளிதாகத் தெரியும். வியாபாரிக்கும் தயாரிப்பாளருக்கும் 1 சதவீதம், உணவகத்துக்கு 5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18-ம் தேதிக்குள் வரி கட்டும் சிஎம்பி-08 படிவம், ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் 30-க்குள் ஜிஎஸ்டிஆர்-4 ஆண்டுத் தாக்கல். வியாபாரி வரியுள்ள சரக்கின் விற்பனைக்கு மட்டும் 1 சதவீதம் கட்டினால் போதும். தயாரிப்பாளர் மொத்த விற்பனைக்கும் கட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டும் மளிகைக் கடைகள் உண்டு.

இந்தத் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. பில்லில் காம்போசிஷன் வரி செலுத்துபவர், வரி வசூலிக்க உரிமை இல்லாதவர் என்ற வாசகம் இருக்க வேண்டும். கடைப் பலகையிலும் காம்போசிஷன் என்பது தெரிய வேண்டும். அதெல்லாம் எளிது. சிக்கல் எங்கே என்றால், வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம், வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. நெல்லிக்குப்பத்துக்கு எத்தனை பெட்டி வேண்டுமானாலும் அனுப்பலாம், கன்னியக்கோவிலுக்கு ஒரு பெட்டி அனுப்பினால் திட்டத்தின் தகுதி போய்விடுகிறது. போன நாளிலிருந்து ஏழு நாளுக்குள் சிஎம்பி-04 போட்டு வெளியேற வேண்டும். போடாமல் தொடர்ந்தால், பின்னால் கண்டுபிடிக்கப்படும்போது வழக்கமான விகிதத்தில் வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துக் கேட்பார்கள். வாடிக்கையாளரிடம் வசூலிக்காத வரியைக் கைக்காசிலிருந்து கட்டுவது சிறு கடையைச் சாய்த்துவிடும்.

இந்த இடத்தில் தளம் ஏமாற்றம் தருகிறது. சிஎம்பி-08 மொத்தத் தொகையை மட்டும் கேட்கும். எந்த மாநிலத்துக்கு விற்றீர்கள் என்று கேட்கும் கட்டமே அதில் இல்லை. இ-வே பில் தளம் காம்போசிஷன் கடையின் வெளி மாநில விற்பனையைத் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட சரக்குக்குத்தானே இ-வே பில் போடுவார்கள்? நாலாயிரம் ரூபாய்ப் பெட்டி சத்தமில்லாமல் எல்லை தாண்டும், தளம் ஒன்றும் சொல்லாது.

கடைக்கே வந்து வாங்கும் புதுச்சேரிக்காரர்களின் நிலை வேறு. பதிவு பெறாத ஒருவர் கவுண்டரில் பணம் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொண்டு போனால், பில்லில் அவர் முகவரி இல்லாதவரை விற்பனை இடம் கடைதான், அது உள் மாநில விற்பனை. 2023 அக்டோபர் 1-ல் வந்த திருத்தத்தின்படி பில்லில் அவருடைய முகவரி பதிவானால் அந்த முகவரியே விற்பனை இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே சட்டம் கொள்ளும். பில்லிங் மென்பொருளில் வாடிக்கையாளர் ஊர் என்ற கட்டத்தில் பழக்கத்தால் 'புதுச்சேரி' என்று தட்டியிருந்தால், கவுண்டர் விற்பனை வெளி மாநில விற்பனையாக மாறிவிடும். கவுண்டர் பில்லில் தேவையில்லாமல் ஊர் நிரப்பக் கூடாது. டெலிவரி செய்யும் பில்லில் டெலிவரி முகவரியை மறைக்கவும் கூடாது. இரண்டையும் தனித்தனி பில் வரிசையாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

34 எண் கொடுத்துப் பில் கேட்கும் கடைக்காரர் தன் வண்டியிலேயே சரக்கை ஏற்றிப் போனாலும் அது எங்கே போய் முடிகிறதோ அதுதான் விற்பனை இடம். சட்டத்தின் சொற்கள் விற்பவர் கொண்டுபோவதையும் வாங்குபவர் கொண்டுபோவதையும் ஒன்றாகவே பார்க்கின்றன. ஆகவே புதுச்சேரி மொத்த வியாபாரத்தில் கண் வைத்திருக்கும் கடை காம்போசிஷனில் சேரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த நிதியாண்டுக்கான விருப்பத்தை மார்ச் 31-க்குள் சிஎம்பி-02-ல் தெரிவிக்க வேண்டும், பிப்ரவரியிலேயே வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து 34 எண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

வழக்கமான தாக்கல்

காம்போசிஷன் வேண்டாம் என்றால், ஐந்து கோடிக்குள் விற்பவருக்குக் காலாண்டுத் தாக்கல் முறை இருக்கிறது. விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்ததும் அடுத்த மாதம் 13-ம் தேதிக்குள், வரிக் கணக்கை முடித்துக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 22-ம் தேதிக்குள். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் 22 தான். இடையில் வரும் இரண்டு மாதங்களுக்கு 25-ம் தேதிக்குள் வரியைச் செலுத்த வேண்டும். தளமே கடந்த காலாண்டின் ரொக்கச் செலுத்தலில் 35 சதவீதத்தைக் கணக்கிட்டுச் சலான் போட்டுத் தரும். இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. வாங்கிய கடைக்கு இன்புட் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றால் அந்த இரண்டு மாதங்களின் பில்களை ஐஎஃப்எஃப் என்ற பில் ஏற்றும் வசதி வழியாக 13-ம் தேதிக்குள் ஏற்றலாம். பெரிய கடைகளுக்குச் சப்ளை செய்பவர் இதைச் செய்யாவிட்டால் பணம் நிறுத்திவைக்கப்படும்.

பதிவு பெற்றவருக்கு விற்ற பில்லை ஏற்றும்போது தளம் எல்லையைத் தானே பார்த்துக்கொள்கிறது. 34 எண்ணைப் போட்டதும் விற்பனை இடம் புதுச்சேரி என்று நிரம்பும், வரிக் கட்டம் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி) ஆகும். பத்தாயிரம் ரூபாய் முறுக்குக்கு 5 சதவீதத்தில் ஐஜிஎஸ்டி 500 ரூபாய். கடலூருக்குள் என்றால் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 250, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 250. கடையின் பில்லில் 250, 250 என்று அச்சாகித் தளத்தில் 500 என்று போனால் வாங்கியவரின் கணக்கில் பொருந்தாது, அவர் பில்லைத் திருப்பி அனுப்புவார். மென்பொருளில் வாடிக்கையாளர் விவரப் பதிவைத் (மாஸ்டர்) தொடங்கும்போதே மாநிலத்தைச் சரியாகப் போட வேண்டும்.

பதிவு பெறாதவருக்கு விற்றதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வெளி மாநில பில்லைத் தனியாகக் காட்ட வேண்டும். மற்றவற்றை மாநில வாரியாகத் தொகுத்துப் போட்டால் போதும், மாநிலத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டு டெலிவரி முழுவதையும் தமிழ்நாடு என்று ஒரே வரியில் கொட்டிவிடுவது எளிது, தளம் தடுக்காது. தவறு பின்னால் முளைக்கும். ஜிஎஸ்டிஆர்-1-ன் 12-ம் அட்டவணையில் எச்எஸ்என் (சரக்கு வகைக்கான எண்) குறியீட்டைப் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும், பதிவு பெற்றவருக்கு விற்றதும் பெறாதவருக்கு விற்றதும் தனித்தனியே. 13-ம் அட்டவணையில் பில் எண்கள் எங்கிருந்து எங்கே வரை, ரத்தானவை எத்தனை என்று காட்ட வேண்டும். ரத்தான பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

3பி-யில் தானாக நிரம்பும் விற்பனை வரியை 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து நேரடியாகத் திருத்த முடியாது. தவறைப் பார்த்தால் 3பி தாக்கல் செய்வதற்கு முன்பே ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவத்தில் திருத்த வேண்டும். 13-ம் தேதிக்கும் 22-ம் தேதிக்கும் நடுவில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். 21-ம் தேதி இரவு உட்காருபவருக்கு அதற்கு நேரம் கிடைப்பது கடினம்.

வரித் தலைப்பு மாறிக் கட்டிவிட்டால் இரண்டு நிலை இருக்கிறது. சலானில் ஐஜிஎஸ்டிக்குப் பதில் எஸ்ஜிஎஸ்டியில் பணம் போட்டுவிட்டு, இன்னும் தாக்கலில் பயன்படுத்தவில்லை என்றால் பிஎம்டி-09 படிவத்தில் உடனே மாற்றிக்கொள்ளலாம். அருமையான வசதி, காசு நஷ்டமில்லை. தாக்கலே செய்துவிட்டால், சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதை இரண்டு ஆண்டுக்குள் ரீஃபண்டாகக் கேட்க வேண்டும். இந்த வகைத் தவறுக்கு வட்டி கிடையாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் முதலில் இரண்டு முறை கட்டுவதற்குக் கையில் பணம் வேண்டுமே. சிறு கடைக்கு வலி அங்கேதான்.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத காலத்துக்கு 20. வரி பாக்கிக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். விற்பனை இல்லாவிட்டாலும் தாக்கல் உண்டு, இதை மறப்பவர்கள் அதிகம். பதிவு செய்த செல்போனிலிருந்து 14409 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி வெற்றுத் தாக்கலை முடிக்கலாம், இன்டர்நெட்டே வேண்டாம். தொடர்ந்து இரண்டு தாக்கல் காலம் 3பி போடாவிட்டால் இ-வே பில் முடங்கும். காலாண்டுத் தாக்கல்காரருக்கு அதே இரண்டு காலம் பதிவை ரத்து செய்யவும் காரணமாகலாம்.

முந்திரிக்கு ஒரு தனிக் குறிப்பு

பண்ருட்டிப் பக்கம் ஓடு நீக்காத முந்திரிக் கொட்டையை விவசாயியிடம் வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி, விற்பவருக்குப் பதிலாகத் தானே 5 சதவீத வரி கட்ட வேண்டும். இதை இன்புட் கிரெடிட்டிலிருந்து கழிக்க முடியாது, தளத்தில் பணமாகச் செலுத்திய இருப்பான ரொக்க லெட்ஜரிலிருந்துதான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு வழக்கமான வரிக்காரர் அதையே இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம், காம்போசிஷன்காரருக்கு அது செலவு. விவசாயி பில் தர மாட்டார் என்பதால் வாங்குபவரே தன் பெயரில் 30 நாளுக்குள் பில் எழுத வேண்டும். விவசாயி பதிவு பெறாதவர், ஆகவே அவர் பக்கமிருந்து தளத்தில் எந்தத் தகவலும் வராது, எந்த நினைவூட்டலும் வராது. சீசனில் கொள்முதல் நோட்டில் இதற்கு ஒரு தனிப் பத்தி வைத்தால்தான் தப்பிக்கலாம்.

இ-வே பில்

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் தாண்டினால் இ-வே பில், மாநிலம் தாண்டினால் 50 ஆயிரம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு 80 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு இ-வே பில் இல்லாமல் போகலாம். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் தவளக்குப்பத்துக்குப் போக முடியாது. 50 கிலோமீட்டருக்குள் வண்டி எண் போட வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சலுகை அதே மாநிலத்துக்குள், கடையிலிருந்து லாரி செட்டுக்குப் போகும் தூரத்துக்கு மட்டும். புதுச்சேரிக்கு டாட்டா ஏஸில் போனாலும் இ-வே பில்லில் வண்டி விவரம் கேட்கும் 'பார்ட் பி'-யில் வண்டி எண் வேண்டும். வண்டி பிடிபட்டால், சரக்குக்காரர் முன்வந்து விடுவிக்க வரியைப் போல இருமடங்கு அபராதம்.

இன்னொன்றைப் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். துணியைத் தைக்கவோ, அட்டையை அச்சடிக்கவோ புதுச்சேரிக் கூலி வேலைக்காரரிடம் அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். மூவாயிரம் ரூபாய்த் துணிக்கும் வேண்டும். ஐந்து கோடிக்குள் இருப்பவர் இப்படி அனுப்பியதையும் திரும்பி வந்ததையும் ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் 25-க்குள் ஐடிசி-04-ல் காட்ட வேண்டும்.

தளத்தில் இ-வே பில் போடுவது ஐந்து நிமிட வேலை. பின்கோடுகளைக் கொடுத்தால் தூரத்தைத் தானே கணக்கிடும், ஓடிபி சரிபார்ப்பும் உண்டு. தப்பாகப் போட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், வண்டி எண் மட்டும் மாறினால் ரத்து செய்யாமலே மாற்றலாம். இந்தத் தளத்துக்கு மட்டும் தனி மதிப்பெண் கேட்டால் நான்கு கொடுப்பேன்.

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போகும் சரக்கு கடலூர், சிதம்பரம் வழியாகவே போகும். இரண்டு முனையும் 34 என்பதால் வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. தமிழ்நாட்டைக் கடப்பதால் ஐஜிஎஸ்டி ஆகாது. 50 ஆயிரம் தாண்டினால் இ-வே பில் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

செல்போன் எண் யாருடையது?

தளத்தில் பதிந்த செல்போனும் மின்னஞ்சலும் கடை உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவரின் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கும் கடைகள் ஏராளம். ஓடிபி அவருக்குப் போகும், நோட்டீஸ் தகவலும் அவருக்கே போகும். நோட்டீஸைத் தளத்தில் ஏற்றினாலே கொடுத்ததாகச் சட்டம் கொள்கிறது, கடைக்காரர் பார்க்கவில்லை என்பது எளிதில் எடுபடாது. கணக்காளரை மாற்ற நினைத்தால் கடவுச்சொல்லை மீட்கவே அந்தப் பழைய எண் தேவைப்படும். உள்ளே நுழைய முடிகிறவரை லாகின் செய்தே எண்ணை மாற்றலாம், முடியாமல் போனால் வரி அலுவலகத்தின் உதவியோடுதான் மாற்ற வேண்டியிருக்கும்.

நோட்டீஸ்கள் 'வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்', 'அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்று இரண்டு இடங்களில் இருக்கும். முதலாவதைத் திறந்து காலியாக இருக்கிறதென்று மூடிவிட்டால், இரண்டாவதில் 30 நாள் கெடுவோடு ஒரு கடிதம் காத்திருக்கலாம். மாதம் ஒருமுறை இரண்டையும் திறக்க வேண்டும். இதில் தளத்தின் வடிவமைப்பைத்தான் குறை சொல்வேன். பணமும் கெடுவும் தொடர்பான விஷயத்தை இரண்டு கதவுகளுக்குப் பின்னால் வைத்திருக்கக் கூடாது.

தாக்கல் வேலையை வெளியே கொடுப்பதில் தவறில்லை, பெரும்பாலான கடைகளுக்கு அதுதான் நடைமுறை. ஆனால் மாதக் கட்டணம் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: ஓடிபி எனக்கு வருமா, தாக்கல் செய்த நகல் பிடிஎஃப் எனக்குக் கிடைக்குமா, சலான் என் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகுமா. வரிப் பணத்தை ரொக்கமாகக் கையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டாம். நெட்பேங்கிங்கில் தளத்திலேயே கட்டலாம், ரொக்கமாகக் கட்டுவதென்றால் வங்கிக் கவுண்டரில் பத்தாயிரம் வரை கட்டலாம். சலான் எண் 15 நாள் செல்லும்.

புதுச்சேரியில் கிளை திறக்கும் எண்ணம் இருந்தால் 34-ல் தனிப் பதிவு எடுக்க வேண்டும், ஒரே பான் எண்ணில் எடுக்கலாம். கடலூர்க் குடோனிலிருந்து நேரு வீதிக் கிளைக்குச் சரக்கு அனுப்புவது சொந்தக் கடைக்குத்தான் என்றாலும் சட்டப்படி வெளி மாநில விற்பனை, ஐஜிஎஸ்டி பில் போட வேண்டும். ஒரு பான் எண்ணில் உள்ள பதிவுகள் எல்லாமே காம்போசிஷனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காம்போசிஷனில் இருந்தபடியே இந்தச் சரக்கு மாற்றத்தைச் செய்ய வழியில்லை. எனவே கிளைக்கு வாடகை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காம்போசிஷனிலிருந்து வெளியேறி, வெளியேறிய நாளுக்கு முந்தைய நாளின் கையிருப்புச் சரக்குக்கான இன்புட்டை ஐடிசி-01-ல் 30 நாளுக்குள் கோர வேண்டும். அதற்குச் சரக்கு பில்கள் எல்லாம் கையில் இருக்க வேண்டும், ஆகவே இருப்பு எடுக்கும் வேலையை வெளியேறும் தேதிக்கு முந்தைய வாரமே தொடங்கிவிடுங்கள்.